ஒரு விசில்... உடனே உட்காரும் லாப்ரடார்!

200 மீட்டர் தள்ளி ஓடும் லாப்ரடாருக்கு, கத்திக் கூப்பிட்டாலும் சரியாகக் கேட்காது. அதனால், அமெரிக்காவின் ரெட்ரீவர் போட்டிகளில் விசில்தான் பேசும். நீளமாக ஒருமுறை ஊதினால், 'உட்கார், என்னைப் பார்'. விட்டுவிட்டு ஊதினால், 'திரும்பி வா'. உட்கார்ந்ததும் கை வழிகாட்டும்: பக்கவாட்டில் நீட்டினால் அந்தத் திசை, மேலே தூக்கினால் இன்னும் தூரம் போக வேண்டும்.

சிக்கல் சொற்களில்தான். இங்கே 'ஓவர்' என்றால் பக்கவாட்டில் ஓடுவது. அஜிலிட்டி போட்டியில் தடையைத் தாண்டுவது! இரண்டிலும் இறங்கும் நாய் குழம்பிவிடும். ஒன்றுக்கு வேறு சொல் வைப்பதே வழி. புதுச் சொல்லை முதலில் சொல்லி, உடனே பழகிய கை சைகையைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

பறவையைத் தேடி ஓடும் நாய் சாலைப் பக்கம் திரும்பினால்? அந்த ஒற்றை நீள விசில்தான் உயிர்காக்கும்!