மேஸ்திரி யாருடைய ஆள்?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. அடுத்த விண்டோஸ் 11-ஐ ஏற்ற வேண்டுமானால், கம்பெனியின் பட்டியலில் உள்ள சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு உறுப்பும் வேண்டுமாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் தகுதியிழந்தன. எந்தச் சக்கரம் தேய்ந்தது? ஒன்றுமே தேயவில்லை. நம் பிள்ளைகளின் பள்ளியிலும், பட்டா நகலுக்கு நாம் கால்கடுக்க நிற்கும் இ-சேவை மையத்திலும் இருப்பது பழைய யந்திரமென்றால், செலவு யார் தலையில் விழும்?

கம்ப்யூட்டரின் இயங்குதளம் ஆலையின் மேஸ்திரியைப் போன்றது. எந்த வேலைக்கு எந்த யந்திரம், எவ்வளவு நேரம் என்று பங்கிடுவது அதுதான். ஒவ்வொரு நூல்கண்டுக்கும் நாலு ஆபீசில் கையெழுத்துக் கேட்கும் மேஸ்திரியிடம் தறி ஓடுமா? இதைப் பற்றி 1992-லேயே ஒரு சண்டை நடந்தது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் முந்திய ஆண்டில் தொடங்கிய லினக்ஸை, ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் டானன்பாம் சாடினார். எல்லா வேலையும் ஒரே கொட்டகையில் நடக்கிறது, அதோடு இன்டெல் 386 சில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்றார். கொட்டகையைப் பிரித்தால் ஒன்று பழுதானாலும் மற்றவை நிற்காது. ஆனால் செய்தி போய்வரும் நேரம் வீண். லினக்ஸ் வேகத்தின் பக்கம் நின்றது. இரண்டாவது குறை நியாயமானதே. அதைத் திருத்தினார்கள். சில்லைச் சார்ந்த பகுதியைத் தனியே ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் சி மொழியில் இருந்தது. 1995-ல் லினக்ஸ் ஆல்பா சில்லுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த வேலையின் பலனை அடையாறு கண்டது. 2018-ல் சென்னை ஐஐடி வடிவமைத்த 'சக்தி' சில்லில் லினக்ஸ் ஓடியது. ரிஸ்க்-பைவ் என்ற அந்தச் சில்லு வகைக்கான பகுதியை மட்டும் எழுதிச் சேர்த்தார்கள். மற்ற லட்சக்கணக்கான வரிகள் அப்படியே உதவின. யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. விண்டோஸை நாம் அப்படி மாற்றியெழுத முடியுமா? அதன் மூல நிரல் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

விண்டோஸை எழுதியவர்களுக்குத் திறமை இல்லையென்று நாம் சொல்லவில்லை. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. இன்டெல், மிப்ஸ், ஆல்பா மூன்றிலும் ஓடிற்று. சில்லுக்கு மேலே ஒரு தனி அடுக்கு வைத்திருந்தார்கள். கெட்டிக்கார வேலை! ஆனால் விண்டோஸ் 2000 விற்பனைக்கு வந்தபோது இன்டெல் வகை மட்டுமே மிஞ்சியது. இன்று ஏஆர்எம் சில்லிலும் ஓடுகிறது. எதில் ஓடலாம், எதில் கூடாதென்று தீர்மானிப்பது கம்பெனியின் விற்பனைக் கணக்கு.

அடையாற்றுக்கு அடுத்த தரமணியில் சி-டாக்கின் சென்னைக் கிளை 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினிகளிலும் அது இருந்தது. லினக்ஸ் மந்திரக்கோல் என்று நாம் ஏமாற்ற மாட்டோம். பளபளப்பான திரையமைப்பு பழைய யந்திரத்தின் நினைவகத்தை விழுங்கிவிடும். எளிய அமைப்பைத்தான் ஏற்ற வேண்டும். சில பிரிண்டர்கள் மக்கர் பண்ணும். விவரம் தராத உற்பத்தியாளர்களும் உண்டல்லவா?

ஆயினும் ஒன்று கேட்கிறோம். சர்க்கார் பள்ளியின் பழைய கம்ப்யூட்டரை ஏலத்தில் தள்ளுமுன், "லினக்ஸ் ஏற்றிப் பார்த்தோம், ஓடவில்லை" என்று அதிகாரிகள் எழுத்தில் தரட்டும்.