பத்து நாமங்கள்

ஐப்பசிப் பிரதோஷ மாலை. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் மூதாட்டி ஒருவர், அபிஷேகப் பாலுக்கான பித்தளைச் செம்பைத் துலக்கக் கொல்லைப்புறக் குழாயை நோக்கி நடந்தார். வானம் உறுமியது. செம்பைத் தாழ்வாரத்திலேயே வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவே அமர்ந்து, அர்ஜுனனின் பத்து நாமங்களைச் சொல்லத் தொடங்கினார். ‘கிரீடி’ என்றபோது கொல்லைத் தென்னை பிளந்தது. அதன் அடியில் ஓடிய இரும்புக் குழாய் வழியே மின்னல் பாய்ந்து, சுவர் கருகியது. தொலைக்காட்சிப் பெட்டியும் புகைந்தது. இடி முழங்குகையில் குழாய், மின்கம்பி, கம்பியுள்ள தொலைபேசி எதையும் தொடலாகாது. அமர்ந்து நாமம் சொல்லும் பழக்கமே அன்று அவரைக் குழாயடியிலிருந்து விலக்கி வைத்தது. கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடங்கள் கழித்தே எழுந்தார். நந்திக்குப் பால் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.