தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி

கிள்ளானிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். இருபத்து மூன்று வயது மகன் வேப் பிடிக்கிறார். சொல்லிப் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று, விடுவதாக இல்லை. இப்போது அந்தத் தாயின் கவலை வேறு. ஒவ்வோர் இரவும் அந்தக் கருவியைக் கைப்பேசிக் கம்பியில் செருகித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மகன் தூங்கிவிடுகிறார். காலையில் தொட்டால் சுடுகிறதாம். "நிறுத்தச் சொல்லுங்கள் என்று எழுதாதீர்கள் ஐயா, அதை நான் தினமும் சொல்கிறேன். வீடு பற்றி எரியாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்" என்கிறார்.

நியாயமான கேள்வி. வேப் உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுகாதாரப் பத்தியில் மருத்துவர்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பேட்டரி தீப்பிடித்தால் அது புகைப்பவர், புகைக்காதவர் என்று பார்க்காது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் தாய்க்கும் அதில் பங்கு உண்டு.

"காலையில் சுடுகிறது" என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரி வெதுவெதுப்பாவது இயல்பு. இரவு பதினொரு மணிக்குச் செருகினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிறைந்ததும் மின்சாரம் நிற்க வேண்டும். விடியும்போது அது அறையின் குளிர்ச்சிக்கு வந்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கும் சுட்டால், நிறைந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பேட்டரி உள்ளுக்குள் பழுதாகிவிட்டது என்று பொருள். இரண்டுமே நல்ல செய்தி அல்ல. அம்மா, அந்தப் பேட்டரிகளை இன்றோடு ஓய்வு பெறச் செய்யுங்கள். அந்தக் கருவியில் இனி கம்பி செருக வேண்டாம்.

மகனிடம் இருப்பது இரண்டு பேட்டரி போடும் பெட்டி வகைக் கருவி என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. உள்ளே போவது 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயன் பேட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். கடைசிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிப்பது. மடிக்கணினிக்கும் மின்திருகிக்கும் உள்ளே பொதியாக அடுக்கப்படுவதும் இதே உருவம்தான். ஆனால் அந்தப் பொதிகளில் ஒவ்வொரு பேட்டரியையும் கண்காணிக்கும் மின்பலகை ஒன்று இருக்கும். தனியாக வாங்கும்போது அந்தக் காவல்காரன் கூட வருவதில்லை. இப்படித் தனிப் பேட்டரியாக விற்பதற்கும் பயன்படுத்துவதற்கும் எதிராக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் எச்சரிக்கை விடுத்தது. பெரிய உற்பத்தியாளர்களும் இவற்றை வேப்புக்கென்று செய்யவில்லை என்றே சொல்லி வருகிறார்கள். வேப் கடைக்காரர் இதை உங்களிடம் சொல்வாரா என்பது அவரவர் மனசாட்சி.

இனி மகனுக்கு. தம்பி, கடையில் பேட்டரி வாங்கும்போது எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை மில்லிஆம்பியர்-மணி? அது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பது போல. நீங்கள் கேட்க வேண்டியது குழாய் எவ்வளவு அகலம் என்று. அதாவது, சூடாகாமல் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும்? இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சாம்சங் 25ஆர் என்ற பேட்டரி 2500 மில்லிஆம்பியர்-மணி, 20 ஆம்பியர். அதே நிறுவனத்தின் 30கியூ 3000 மில்லிஆம்பியர்-மணி, ஆனால் 15 ஆம்பியர்தான். நீண்ட நேரம் வரும் என்று இரண்டாவதை எடுத்தவர் குறுகலான குழாயை வாங்கியிருக்கிறார்.

எத்தனை ஆம்பியர் தேவை என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கருவியின் திரையில் 80 என்றும் 0.15 என்றும் தெரிவதாக அம்மா எழுதியிருக்கிறார். 80 என்பது வாட். 0.15 என்பது கம்பிச்சுருளின் மின்தடை, ஓம் கணக்கில். திரையும் மின்பலகையும் உள்ள கருவியில் பேட்டரியின் சுமையை முடிவு செய்வது வாட்தான். இரண்டு பேட்டரி என்றால் ஆளுக்கு 40 வாட். பேட்டரி தீர்ந்துவரும் நேரத்தில் அதன் அழுத்தம் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்; சுமை அதிகமாவது அப்போதுதான். 40ஐ 3.2ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர். மின்பலகை விழுங்குவதற்கு ஒரு பத்து விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 14. ஆகவே 20 ஆம்பியர் பேட்டரி இரண்டு போட்டால் தாராளம்.

இதே 80 வாட்டை ஒற்றைப் பேட்டரிக் கருவியில் வைத்தால் 28 ஆம்பியருக்கு நெருங்கிவிடும். 20 ஆம்பியர் பேட்டரி அதைத் தாங்காது. அந்த வகைக் கருவி வைத்திருப்பவர்கள் 50 வாட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மின்பலகையே இல்லாத வெறும் உலோகக் குழாய்க் கருவிகளும் விற்கப்படுகின்றன. அதில் ஓம் விதி மட்டுமே ஆட்சி செய்யும். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.15 ஓம் சுருளைப் போட்டால் 28 ஆம்பியர், பேட்டரிக்கு அது முடியுமா முடியாதா என்று கேட்க ஆளில்லை. குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் நிறுத்த ஆளில்லை. காற்று வெளியேறும் துளை இல்லாவிட்டால் அந்தக் குழாய் துப்பாக்கிக் குழல் போலாகிவிடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் 38 வயது ஆடவர் ஒருவர் இப்படி வெடித்த கருவியின் துண்டு தலைக்குள் பாய்ந்து இறந்தார். இந்த வகையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கை தேர்ந்தவர்களுக்குப் பரவாயில்லை என்பார்கள். கை தேர்ந்தவர்களும் தூக்கக் கலக்கத்தில் பொத்தானை அழுத்துவார்கள்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பசார் மாலாமிலும் இணைய அங்காடிகளிலும் 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சடித்த 18650 கிடைக்கும். இந்த அளவு உடம்புக்குள் 3600 என்பதே பெரிய எண். 9900 என்பது வெறும் மை. பழைய மடிக்கணினிப் பொதியிலிருந்து பிடுங்கிய பேட்டரிக்குப் புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது. சோதிக்க எளிய வழி, சமையலறைத் தராசு. நல்ல 18650 பேட்டரி 45 கிராம் அளவில் நிற்கும். முப்பது கிராமோ அதற்கும் கீழோ காட்டினால் உள்ளே சரக்கு இல்லை. எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. எடை குறைந்தால் போலி என்பது மட்டும் உறுதி.

அசலே வாங்கினாலும் அதன் மேலுறையைப் பாருங்கள். பேட்டரியின் உடல் முழுக்க, மேல் தோள்பட்டை வரைக்கும், எதிர்முனைதான். நேர்முனை நடுவில் ஒரு சிறு வட்டம். இரண்டையும் பிரிப்பது மெல்லிய நெகிழி உறையும் ஒரு காகித வளையமும் மட்டுமே. தோள்பட்டைப் பக்கம் உறை நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும் கருவியின் உலோகம் இரண்டையும் இணைத்துவிடலாம். பெரிய வேப் கடைகளில் சில ரிங்கிட்டுக்கு உறை மாற்றித் தருவார்கள். உடம்பில் பள்ளம் விழுந்திருந்தால் உறை மாற்றியும் பயனில்லை, தூக்கி வையுங்கள்.

வேப் விபத்துகளில் தொடை வெந்து மருத்துவமனைக்கு வருபவர்கள் கணிசம். காரணம், மாற்றுப் பேட்டரியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. அதே பையில் மோட்டார் சைக்கிள் சாவி, சில்லறை. சாவி இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் போதும். நெகிழிப் பேட்டரிப் பெட்டி ஒன்று இரண்டு மூன்று ரிங்கிட்தான். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையிலும் பேட்டரியை விடாதீர்கள். நம் ஊர் மதிய வெயிலில் அந்த இடம் 60 பாகையைத் தாண்டும்.

சார்ஜ் செய்யும் முறை. பேட்டரிகளை வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில் போடுங்கள்; 4.2 வோல்ட்டில் தானாக நிற்பதாகவும், ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கணக்கிடுவதாகவும் இருக்கட்டும். ஒரு ஆம்பியர் வேகம் போதும். இரண்டு பேட்டரியும் ஒரே நாளில், ஒரே வகையில் வாங்கியவையாக இருக்க வேண்டும். வாங்கிய மாதத்தை உறையில் எழுதி, என்றும் சேர்த்தே பயன்படுத்துங்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுங்கள். இடம்: மெத்தை அல்ல, சோபா அல்ல, வாசற்கதவுக்குப் போகும் வழியும் அல்ல. ஓடு பதித்த தரை அல்லது சமையலறைக் கல் மேடை, சுற்றிலும் துணி இல்லாமல். நேரம்: மாலையில், வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது. அம்மா, இந்தக் கடைசி விதியை மட்டுமாவது நீங்கள் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விடச் சொன்னால் சண்டை வரும். சாப்பாட்டு நேரத்தில் சார்ஜ் போடச் சொன்னால் வராது.

அணுவாக்கி என்று சொல்லப்படும் மேல்பாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பிச்சுருள், அதைச் சுற்றியுள்ள பஞ்சு, திரவம் நிற்கும் தொட்டி மூன்றும் சேர்ந்ததுதான் அது. அதைச் சுத்தமாக வைத்திருப்பது சுவைக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இனிப்பூட்டி கலந்த திரவம் சுருளின் மேல் கருகிக் கறுப்புப் பாகாகப் படியும். பஞ்சு திரவத்தை உறிஞ்ச முடியாமல் காய்ந்து எரியும். அந்தப் புகையில் பார்மால்டிஹைட் போன்ற நச்சுப் பொருள்கள் கூடுகின்றன. புகை குறைகிறதே என்று இவர் வாட்டை ஏற்றுவார். வாட் ஏறினால் பேட்டரிக்குச் சுமை. கருகிய வாடை வந்தால் சுருளை மாற்றுவதுதான் வழி, வாட்டை ஏற்றுவது அல்ல. தினமும் பிடிப்பவருக்கு ஒரு சுருள் ஓரிரு வாரம் வரும்; இனிப்புத் திரவமானால் அதுவும் வராது.

புதுச் சுருளைப் போட்டதும் பஞ்சில் சில சொட்டுகள் விட்டு, தொட்டியை நிரப்பி, பத்து நிமிடம் காத்திருங்கள். தொட்டியை வாரம் ஒரு முறை கழற்றி வெந்நீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். ரப்பர் வளையங்கள் தளர்ந்திருந்தால் திரவம் கீழே கசிந்து மின்பலகைக்குள் இறங்கும். அப்படி நனைந்த கருவி யாரும் அழுத்தாமலே சுருளைச் சுட வைப்பதுண்டு. கருவியும் தொட்டியும் சேரும் இடத்தைப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். திரையில் நேற்று 0.15 என்று காட்டியது இன்று வேறு எண்ணுக்குத் தாவினால், சுருளின் கால் தளர்ந்திருக்கிறது அல்லது எங்கோ தொடுகிறது. சரிபார்க்காமல் அழுத்தாதீர்கள். பையில் போடும் முன் பொத்தானைப் பூட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் ஐந்து முறை தட்டினால் பூட்டிவிடும்.

புதிதாகக் கருவி வாங்குவதானால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2022ஆம் ஆண்டு உத்தரவின்படி வேப் கருவிகளுக்கு அது தேவை. புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்ததிலிருந்து இணையத்தில் விற்பதும், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும் குற்றம். ஜொகூர் பாலம் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம், இப்போது தண்டனையும் கடுமையாகியிருக்கிறது. விமானப் பயணமானால் கைப்பையில் மட்டும், பெட்டியில் போடக் கூடாது.

பேட்டரி சீறினாலோ இனிப்பான இரசாயன வாடை வந்தாலோ கையால் எடுக்க முயலாதீர்கள். சுவிட்சை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்தி 999க்கு அழையுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. யாருக்காவது சுட்டுவிட்டால் துணியை உடனே களையுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் "பேட்டரி வெடித்தது" என்று சொல்லுங்கள். அது வெறும் தீக்காயம் அல்ல, காரப்பொருளின் புண்ணும் சேர்ந்தது, சிகிச்சை மாறும்.

ஓய்வு கொடுத்த பழைய பேட்டரிகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை வீட்டுக்கு வெளியே வைத்திருங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், வார இறுதியில் மூன்று வயதுப் பேரன் வந்துபோவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிகோட்டின் திரவப் போத்தல்கள் பழரசம் போல மணக்கும். மூடியைத் திறந்து வாயில் வைத்துவிட்டால் குழந்தைக்கு அது நஞ்சு. பேட்டரிக்கு முன்னால், இன்றைக்கே, அந்தப் போத்தல்களை எடுத்துப் பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும்.