ஊரார் திரட்டும் நிதி நோயாளிக்கு எவ்வாறு உதவுகிறது? கேரளத்தின் அனுபவம்

நீண்டகால நோயால் படுக்கையில் இருப்பவருக்கு மருந்து மட்டும் போதுமானதன்று. குடும்பத்தின் வருவாய் குறைகிறது; பிள்ளைகளின் படிப்பு தடைப்படுகிறது; பராமரிப்பவர் ஓய்வின்றித் தளர்கிறார். இத்தேவைகளை மருத்துவமனையைவிட முன்னதாக அறிபவர்கள் அண்டை அயலாரே. அவர்களே நிதி திரட்டி, அதன் செலவையும் தீர்மானிக்கும் முறைக்குக் கேரளத்தின் நோய் ஆதரவுச் சிகிச்சை இயக்கம் சிறந்த சான்றாகும்.

எவ்வாறு தொடங்கியது?

1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்திற்கான புறநோயாளர் சேவை தொடங்கப்பட்டது. ஆயினும் மிகவும் நலிந்த நோயாளிகளால் அங்குப் பயணம் செய்ய இயலவில்லை. எனவே, 2000-ஆம் ஆண்டையொட்டி, மலப்புரம் உள்ளிட்ட வட மாவட்டங்களில் ஊர்மக்களே பயிற்சி பெற்று, வீடு தேடிச் செல்லும் குழுக்களை அமைத்தனர். செலவின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகளால் ஈடுசெய்யப்பட்டது.

என்ன மாற்றம் ஏற்பட்டது?

முடிவெடுக்கும் உரிமை ஊராரிடம் இருந்ததால், வலி நிவாரணத்துடன் குடும்பத்திற்கு அரிசி, பிள்ளைகளின் கல்விச் செலவு ஆகியவையும் பராமரிப்பின் பகுதிகளாயின. தொடர்ந்து வந்து பேசும் தன்னார்வலரால் நோயாளியின் தனிமையும் பராமரிப்பவரின் சுமையும் குறைகின்றன.

இதன் வரம்புகள் யாவை?

நன்கொடை எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வறுமை மிகுந்த பகுதியில் தேவை அதிகம். திரளும் நிதியோ குறைவு. தன்னார்வலர்களும் சோர்வடையக்கூடும். எனவே ஊரார் நிதி அரசின் பொறுப்புக்கு மாற்றாகாது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. அதன்பின் உள்ளாட்சி அமைப்புகள் வழியே செவிலியரின் இல்லப் பராமரிப்பு விரிவடைந்தது. அரசின் நிலையான சேவையும் ஊராரின் அக்கறையும் இணைந்ததே அதன் வலிமை.

நீங்கள் செய்ய வேண்டியவை

• தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் நோய் ஆதரவுச் சேவை இல்லத்திலேயே வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும்.
• உணவு, பயணம், கல்வி தொடர்பான இடர்களையும் செவிலியரிடம் தயங்காமல் கூறவும்.
• வலி நிவாரண மருந்தின் அளவை மருத்துவர் ஆலோசனையின்றி மாற்ற வேண்டாம்.
• உங்கள் ஊரில் நிதி திரட்டப்படின், வரவு செலவு அனைவரும் அறியுமாறு இருத்தல் வேண்டும். உதவி பெறுவோரின் விவரங்கள் வெளியிடப்படலாகாது.

உதவி கேட்பது இழிவன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.