மஞ்சள் மிளகு சரி, பேரில்லாத பொடி வேண்டாம்



வாட்ஸ்அப்பில் எனக்கு வருவதில் பாதி மூட்டுவலி வைத்தியம்தான். "இது உண்மையா சார்?" என்று கேட்டு அனுப்புகிறீர்கள். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அழற்சி என்ற சொல். அழல் என்றால் நெருப்பு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் இதன் அடையாளம் என்று ரோமாபுரியின் செல்சஸ் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். காயம் ஆற உடம்பு தானே மூட்டிக்கொள்ளும் தீ அது. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால் நோய்.

இந்தத் தீயைத் தணிக்க நம் அடுப்படியில் பொருள் உண்டு. மஞ்சளில் குர்குமின், இஞ்சியில் ஜிஞ்சரால், மத்தி மீனில் ஒமேகா-3 இருக்கின்றன. ஆனால் அளவு தெரிந்து பேச வேண்டும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது அது இரத்தத்தில் சேரவே இல்லை என்னும்படிதான் இருந்தது. மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் சுமார் 20 மடங்கு கூடியது. மிளகு ரசத்தில் மஞ்சளும் போடும் நம் வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் 100-க்கு 3 பங்கு அளவில்தான் இருக்கிறது. 2 கிராம் வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். ரசத்தில் போடுவது ஒரு சிட்டிகை. அது உணவு, மருந்தாகாது.

முடக்கத்தானும் அப்படித்தான். முடக்கு அறுத்தான் என்று பெயரிலேயே வேலையைச் சொல்லும் கீரை. எலிகளிடம் செய்த ஆய்வுகளில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. மனிதர்களிடம் செய்த ஆய்வு குறைவு. தோசை மாவில் அரைத்துப் போட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மூட்டுவலி என்றதும் கத்தரிக்காயை ஒதுக்குகிறோம். அதற்கு உறுதியான சான்று கிடையாது. நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. சாப்பிட்டால் அரிக்கிறது என்பவர்கள் மட்டும் விட்டுவிடலாம்.

என் கவலை இதெல்லாம் இல்லை. டேனரியில் நாள் முழுக்க நிற்பவர்களும், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் குனிந்தபடி தைக்கும் நம் பெண்களும் ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்று வலியோடு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைத் தேடித்தான் லேபிள் இல்லாத "மூலிகைப் பொடி" வருகிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பல முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மஞ்சளிலும் கவனம் வேண்டும். நிறம் தூக்கலாகத் தெரிய லெட் குரோமேட் கலப்பது பங்களாதேஷிலும் இந்தியாவில் சில இடங்களிலும் பிடிபட்டிருக்கிறது. அதில் ஈயமும் உண்டு, குரோமியமும் உண்டு. குரோமியம் என்ன செய்யும் என்று பாலாற்றங்கரைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விரலி மஞ்சள் வாங்கி மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் விறைத்திருந்தால், இரண்டு கைகளிலும் வீக்கம் இருந்தால், கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டு தப்பும். தள்ளிப்போட்டால் கோணிய விரல் திரும்ப நேராகாது. சி.எம்.சி.யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

அடுத்த முறை ஃபார்வர்டு செய்யும் முன், இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்களா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், அணைக்கட்டு