கரிசல்காட்டு ஜீப்புக்கு எதற்கடா இரும்பு வயிறு?

கொஞ்சம் நீளமான பதிவு. நாலு வரி படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான் தலையாட்டினார்கள்.

தீபாவளி சீசன் முடிந்து கையில் காசு புரண்டதும் நம் குரூப்பில் ஜீப் படங்களாக வர ஆரம்பித்துவிட்டன. தார், ஜிம்னி, ஸ்கார்பியோ. வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாங்கிய வாரமே வண்டியை லிஃப்டில் தூக்கி, முன் பம்பரிலிருந்து பின் ஆக்சில் வரை அடிவயிறு முழுக்க இரும்புத் தகடு பூட்டி, அதையும் படம் எடுத்துப் போடுகிறீர்கள். கீழே "மாஸ்", "கெத்து" என்று ஐம்பது கமெண்ட். அதில் ஒருவன் மட்டும் கேட்டிருந்தான்: "சார், நம்ம ஊர் சேத்துக்கு இது நல்லதுதானே?"

நல்லதில்லை தம்பி. நம்ம ஊர் சேற்றுக்கு அது கெடுதல். நம்ம ஊர் தொழிலுக்கு ஆபத்து.

முதலில் அந்தத் தகடு எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். பாறைக்காக. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும், அது பாதையே இல்லை, கல் அடுக்கு. அந்த மாதிரி இடத்தில் ஒரு கல் ஆயில் சம்ப்பைக் குத்தினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். அங்கே தகடு நியாயம். வீடியோவில் தகடு விற்கிறவர்கள் காட்டுவதும் லடாக், ஸ்பிதி பாறைதான். ஒருவராவது வெம்பக்கோட்டை கரிசலில் ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டியை இறக்கிக் காட்டட்டும், பார்ப்போம்.

கரிசல் என்பது சாதாரண மண் இல்லை. அதில் இருக்கும் களிமண் வகைக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தில் நாலு எட்டு வைத்தால் காலுக்கு இலவசமாக ஒரு ஜோடிச் செருப்பு தைத்துக் கொடுக்கும். செம்மண் சேறு வண்டி ஓட ஓட உதிரும், மணல் கொட்டிவிடும். கரிசல் மட்டும் பிடித்த இடத்தை விடாது.

இதை உங்கள் தாத்தாக்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் கரிசல் பாதையில் சைக்கிள் ஓட்டியவர்களைக் கேளுங்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது. அப்புறம் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைத் தோளில் சுமக்க வேண்டும். அதனால் மழை தொடங்கியதும் மட்கார்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் இருந்தார்கள். சேறு மேலே தெறித்தால் தெறிக்கட்டும், அது வேட்டியோடு போகும், சக்கரம் சுற்றினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. சேற்றைத் தடுக்க வைத்த பொருளே சேற்றைப் பிடித்து வைக்கும் என்பதை ஒரு சைக்கிளில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் இருபது லட்ச ரூபாய் வண்டியில் அதே மட்கார்டைத் தலைகீழாக மாட்டுகிறீர்கள்.

கணக்கு வாத்தியாரிடம் படித்தவர்கள்தானே, கணக்கே போடுவோம். 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டர், எடை 31 கிலோ. அதன் மேல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரக் கரிசல் தங்கினால் 50 லிட்டர் மண். லிட்டருக்கு 1.7 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 85 கிலோ. ஆக மொத்தம் 116 கிலோ. டிக்கெட் வாங்காத இரண்டு பேரை நிரந்தரமாக அடிவயிற்றில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறீர்கள். டீசல் போகட்டும், அது உங்கள் காசு. அந்த ஈர மண் சேசிஸோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். வெளியே வெயில் அடிக்கும், உள்ளே துரு தின்னும். தகட்டை மறைத்துப் பூட்டியதால் அது உங்கள் கண்ணுக்கும் தெரியாது, மெக்கானிக் கண்ணுக்கும் தெரியாது.

"வாட்டர் வாஷ் பண்ணிருவேன் சார்" என்பீர்கள். தகட்டின் அடிப்பக்கம் பளபளவென்று ஆகும். மண் இருப்பது மேல்பக்கம். தகட்டைக் கழற்றாமல் அதைக் கழுவ முடியாது. ஆயில் மாற்றவே இருபது போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்று சலித்துக்கொள்ளும் பையன் உங்களுக்காக மண்ணைச் சுரண்டப் போகிறானா?

இதோடு நின்றால் நான் பதிவே போட்டிருக்க மாட்டேன். வண்டி துருப்பிடித்தால் உங்கள் பாடு. அடுத்ததுதான் விஷயம்.

நம் காட்டுப் பாதையில் மண் மட்டுமா இருக்கிறது? கொழுக்கட்டைப் புல், மக்காச்சோளத் தட்டை, வேலிக்கருவைச் சருகு. புரட்டாசி, ஐப்பசியில் சேறும் புல்லும் சேர்ந்து தகட்டின் மேல் ஏறும். மண்சுவர் வைக்கிறவர்கள் களிமண்ணில் வைக்கோல் பிசைவார்களே, அதே பக்குவம். தையிலிருந்து மண் காய்ந்து உதிரும், புல் மட்டும் அங்கேயே படுக்கை போட்டுத் தங்கும். மாசி, பங்குனியில் இன்னும் காய்ந்த புல் சேரும். அதற்கு மேலே நாலு விரற்கடையில் என்ன இருக்கிறது? எக்ஸாஸ்ட் குழாய்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 வந்துவிட்டது. அதன் பிறகு வந்த டீசல் ஜீப்புகளில் டி.பி.எஃப். என்று ஒரு கரிவடிகட்டி உண்டு. புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது அதன் உள்ளே 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறும். காய்ந்த புல் பற்றிக்கொள்ள அதில் பாதி போதும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இந்த விஷயத்தில் சாது இல்லை. வெளித்தோல் அவ்வளவு சுடாது என்பது உண்மை. கம்பெனிக்காரன் தனியாக வெப்பத் தடுப்பு வைத்திருக்கிறான், அடியில் காற்று ஓட இடமும் விட்டிருக்கிறான். நீங்கள் செய்வது அந்தக் காற்றை அடைத்து, அந்த இடத்தில் புல்லைத் திணிப்பது.

இது என் கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனி சில ஆண்டுகளுக்கு முன் தன் ரேஞ்சர் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், வண்டியின் அடியில் சேரும் புல் எக்ஸாஸ்டில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பதுதான். கம்பெனியே பார்த்துப் பார்த்துச் செய்த அடிப்பாகத்திலேயே இப்படி என்றால், பட்டறையில் கட்டரும் வெல்டிங்கும் வைத்து அளவெடுத்த தகட்டுக்கு யார் பொறுப்பு?

அங்கே எரிந்தால் ஒரு மேய்ச்சல் காடு எரியும். இங்கே?

மதுரையிலிருந்து நாலுவழிச் சாலையில் நூறில் வருகிறீர்கள். வரும் வழியில் டி.பி.எஃப். சுத்தம் செய்ய ஆரம்பிக்கிறது. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால்கூடப் பாட்டுச் சத்தத்தில் கவனிக்க மாட்டீர்கள். சாத்தூரில் இறங்கி, மண்பாதையில் திரும்பி, பட்டாசு ஆலைப் பக்கம் காய்ந்த புல்லில் வண்டியை நிறுத்துகிறீர்கள். காற்று நின்றுவிட்டது. சூடு அங்கேயே இருக்கிறது. புல்லும் அங்கேயே இருக்கிறது. மருந்து அறைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

அந்த அறைகளில் என்ன கட்டுப்பாடு என்று உங்களில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே தெரியும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. காலில் செருப்பு கூடாது. உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். இரும்புச் சாமான் கூடாது, பொறி வரும். வாசலில் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சரக்கு ஏற்ற வரும் லாரிக்குப் புகைக்குழாயில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எல்லாம் சரி. கூலிக்கு வரும் அக்காவின் சாப்பாட்டுப் பையைத் துழாவிப் பார்க்கும் அதே வாட்ச்மேன், முதலாளி வீட்டுத் தம்பியின் ஜீப் வந்தால் கதவை அகலத் திறந்து சல்யூட் அடிக்கிறார். அடிவயிற்றில் ஒரு கட்டுப் புல்லோடு, சரளைக்கல்லில் உரசினால் பொறி பறக்கும் நாலு மில்லி இரும்போடு அந்த வண்டி உள்ளே போகிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புல்லையும் குனிந்து பார்த்திருக்கிறேன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள், உங்கள் ஆலையாகவும் இருக்கலாம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினம் என்பதால் எனக்கு அந்தத் தேதி மறக்காது. 38 பேர். அதில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை, தீ என்றதும் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடியவர்கள். 2016 அக்டோபரில் சிவகாசி ஊருக்குள்ளேயே, வேனில் பட்டாசுப் பெட்டி ஏற்றிய இடத்தில் தீப்பிடித்து, பக்கத்து ஸ்கேன் சென்டருக்கு வந்திருந்தவர்கள் புகையில் மூச்சுத்திணறிச் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், இருபது பேருக்கு மேல். இதற்கெல்லாம் ஜீப்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணங்கள் வேறு. ஆனால் இத்தனை சாவைப் பார்த்த ஊரில் புதிதாக ஒரு நெருப்பு வழியைக் காசு கொடுத்து மாட்டிக்கொண்டு அதற்கு "ப்ரொடெக்ஷன்" என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. யாருக்கு ப்ரொடெக்ஷன்? ஐந்தாயிரம் ரூபாய் சம்ப்புக்கா?

"அப்ப வேலிக்கருவைக் கட்டை குத்தினா என்ன சார் பண்றது?" இது நல்ல கேள்வி. வெட்டிவிட்ட கருவேலங்கட்டை ஈட்டி மாதிரி நிற்கும், சம்ப்பையும் பிரேக் பைப்பையும் பதம் பார்க்கும். தினமும் தோட்டத்துக்குள் வண்டி இறக்குகிறவர்கள் ஆயில் சம்ப்புக்கு மட்டும் சின்னத் தகடு போடுங்கள். வண்டிக் கம்பெனியே விற்றால் அதையே வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்க வேண்டும். நாலே போல்ட்டில் கழற்ற வர வேண்டும், அந்தப் போல்ட்டுக்கு கிரீஸ் தடவ வேண்டும். சைலன்சர், கன்வர்ட்டர், டி.பி.எஃப். இருக்கும் நீளத்துக்குக் கீழே எதுவும் கூடாது, ஓட்டை போட்ட தகடுகூட. கரிசலில் இறங்கி வந்த அன்றே, மண் காயும் முன் தண்ணீர் அடிக்க வேண்டும். புல்லை நீளக் கம்பியால் இழுத்தெடுக்க வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு, கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆலை வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று. வாசலில் பீடி, தீப்பெட்டி பட்டியல் எழுதிய போர்டு இருக்கிறதல்லவா? அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: "அடிப்பகுதி பார்க்கப்படாத எந்த வண்டியும் உள்ளே வரக் கூடாது, முதலாளி வண்டி உட்பட." வண்டி நிறுத்தும் இடத்தில் புல் இல்லாமல் செதுக்கி, சரளை கொட்டி வையுங்கள். ஒரு நாள் கூலிதான் செலவு. வாட்ச்மேனுக்கு ஒரு டார்ச்சும், கம்பு நுனியில் கட்டிய ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் வண்டியையே முதலில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கூச்சப்படுவார், நீங்கள்தான் இறங்கி நின்று பார்க்க வைக்க வேண்டும்.

மற்றவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை தகட்டைக் கழற்றுங்கள். மேலே என்ன இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து இங்கேயே கமெண்டில் போடுங்கள். பூட்டியபோது போட்டீர்களே, அதே ஆங்கிளில். மண்ணையும் புல்லையும் தனித்தனியே தராசில் வைத்து எடை எழுதினால் இன்னும் நல்லது, என் 85 கிலோ கணக்கு கூடவா குறைவா என்று பார்க்கலாம்.

ஸ்பானர் இல்லாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள். பதினேழும் பத்தொன்பதும் இருக்கிறது.