சராசரிக்குள் மறையும் மலை

"குறிஞ்சித்திணை நடத்துகிறவர்களுக்குப் பேறுகாலக் கணக்கில் என்ன வேலை?" என்று சென்ற மாதம் இலக்கியக் கூட்டம் ஒன்றில் அன்பர் ஒருவர் நம்மை வினவினார். அத்தோடு நில்லாமல், "தமிழகந்தான் தாய்சேய் நலத்தில் முன்மாதிரி ஆயிற்றே, இனி ஆராய என்ன இருக்கிறது?" என்றும் சேர்த்துக்கொண்டார். அங்கே விடையளிக்க நேரம் வாய்க்கவில்லை; இங்கே அளிக்கிறோம்.

அவர் கூற்றிலுள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். 2018-20ஆம் ஆண்டுகளின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழகத்தில் 54. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகப் பேறுகளுள் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தவை. தாய்மரணங்களைப் பதிந்து காரணம் ஆராயும் முறையை 1994இலேயே தொடங்கிய மாநிலம் இது. இச்சாதனையைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று.

ஆயின், சராசரி என்பது யாது? மேட்டையும் பள்ளத்தையும் கூட்டி வகுத்து, எல்லாம் சமவெளியே என்று காட்டுகின்ற கணக்கு. கல்வராயன் மலையை அந்தக் கணக்கில் தேடிப் பாருங்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26இல். குடும்பநல ஆய்வோ பழைய மாவட்ட எல்லைகளைக் கொண்டே நடந்தது. ஆகவே மரக்காணத்துக் கடற்கரையும் வெள்ளிமலையின் உச்சியும் விழுப்புரம் என்னும் ஒரே பெயருக்குள், ஒரே எண்ணுக்குள் அடைபட்டன. மலைக்கென ஒரு வரி இல்லை. இல்லாத வரியில் இறப்பும் இல்லை. இறப்பு இல்லையெனில் கேள்வியும் இல்லை!

1994இல் தாடியஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர், தாய்மரணத்திற்கு மூன்று தாமதங்கள் காரணமாவதை விளக்கினர். மருத்துவத்தை நாட முடிவெடுப்பதில் தாமதம்; போய்ச் சேர்வதில் தாமதம்; சேர்ந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். உலகெங்கும் இன்றளவும் எடுத்தாளப்படும் கருத்து இது. இதில் இரண்டாவதைப் புரிந்துகொள்ள நமக்கு அயல்நாட்டு நூல் தேவைப்படவில்லை. நம் வகுப்பில் பயிலும் மலைவாழ் மாணவி ஒருத்தி, தன் அத்தையை வலி கண்ட இரவில் தூளி கட்டிச் சுமந்துவந்த கதையைச் சொன்னாள். சாலையை அடையவே விடிந்துவிட்டதாம். அத்தை பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. "மருத்துவமனையில்தானே ஐயா பிறந்தது?" என்று அவள் கேட்டபோது நாம் வாயடைத்துப் போனோம். ஆம், அதுவும் மருத்துவமனைப் பேறுதான். பட்டியலில் அது வெற்றியாகவே ஏறியிருக்கும்.

மருத்துவமனையை அடைவது ஒன்றே நலமாகிவிடாது என்பதற்கு அதே ஆய்வே சான்று. தமிழகத்துக் கருவுற்ற பெண்களுள் 48.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். மாநிலச் சராசரியே இதுவெனில் மலையின் நிலை என்ன? சொல்வதற்கு அங்கே தனிக் கணக்கு வேண்டுமல்லவா?

"மலைமக்கள் மருத்துவம் நாடுவதில்லை, அறியாமை" என்பது அடுத்த வாதம். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சமவெளி பெற்ற பள்ளியையும் சாலையையும் தலைமுறை கழித்தே கண்ட மக்களை நோக்கி அறியாமை என்று பேசுவது அறமா? மகாராட்டிரத்துக் கட்சிரோலியைப் பாருங்கள். அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவ இணையர் சிற்றூர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்து, வீடுதோறும் பச்சிளங்குழந்தைகளைப் பேணச் செய்தனர். 39 ஊர்களில் நிகழ்ந்த அம்முயற்சியால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததென 1999இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அறியாதவர்கள் என்று கருதப்பட்ட அந்தப் பெண்களிடமிருந்து உலகம் பாடம் கற்றது. அங்கே ஆய்வு மக்களைத் தேடிச் சென்றது. இங்கே மக்கள் ஆய்வைத் தேடி இறங்கிவர வேண்டுமா?

மலையடிவாரத்தை ஒட்டிய நம் மாவட்டத்தில், சிறுவங்கூரில், 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நம் கோரிக்கை பெரிதன்று. மலையின் ஒவ்வொரு பேறும், ஒவ்வொரு இழப்பும் ஊர்வாரியாகப் பதியப்படட்டும். மூன்று தாமதங்களுள் எது உயிர் பறித்தது என்று ஆண்டுதோறும் தனி அறிக்கை வரட்டும். அது தமிழில், மலைமக்கள் படிக்கும்படி வரட்டும். 2024 சூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரித்தது. மலை நம் கண்ணிற்படச் சமவெளியில் பிணங்கள் விழவேண்டியிருந்தது என்பதை எண்ணுக.

இனி, அன்பரின் முதற்கேள்விக்கு வருவோம். தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனியே கடன் வகுத்த பொன்முடியாரைப் புறநானூற்றில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். தாய் தன் கடனைச் செய்கையிலேயே உயிர்விட்டால் வேந்தன் கடன் யாது என்று கேட்க மறந்த தமிழாசிரியர், அப்பாட்டை நடத்தவே தகுதியற்றவர். குறிஞ்சி வெறும் கூடலுக்கு உரிய நிலம் மட்டுமன்று நண்பரே, அங்கே பிள்ளையும் பெறுகிறார்கள்.